கட்டுச்சோறும் அதன் துணையும்



வேலைக்குப் புறப்படுவோர் நடுப்பகலுக்கு உணவு கட்டிச் செல்வது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. வழியில் உண்ணும் உணவுக்குத் தமிழில் தொன்றுதொட்டே தனிப்பெயர்கள் வழங்கி வந்துள்ளன. பழமொழி நானூறு அதனை ‘ஆற்றுணா’ என்கின்றது. ‘ஆறு’ என்பது ஈண்டு வழியைக் குறிக்கும். கற்றறிந்தவன் எந்நாட்டுக்குச் சென்றாலும் ஆற்றுணா கொண்டுசெல்ல வேண்டியதில்லை என்பது அந்நூலாசிரியர் கொள்கை. பெரியபுராணமோ ‘பொதிசோறு’ என்னும் பெயரைத் தருகின்றது. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிலே பசியால் இளைத்த அப்பரடிகளுக்கு இறைவனே பொதிசோறு கொண்டு காத்திருந்தான் எனச் சேக்கிழார் பாடியுள்ளார். அப்பரடிகளுக்குக் கிடைத்த பேறு நம்மனோர்க்குக் கிட்டுவதன்று. கற்றிருந்தும் கட்டிச் செல்லவேண்டியவர்களாகவே நாம் இருக்கின்றோம். ஆதலின் அக்கட்டிலே என்ன இருந்தது, இன்று என்ன இருக்கின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கட்டுச்சோறு என்றவுடன் நினைவுக்கு வருவது புளிச்சோறு. புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் அதனை விரைவிற் கெடாமற் காத்தன. ஆனால் நம் முன்னோர் சோறு கெடாதிருந்தாற் போதுமென்று அமைந்துவிடவில்லை. வறுத்த எள்ளுப்பொடியும் கடலையும் அதனுடன் சேர்த்தனர். யாழ்ப்பாணத்துப் பயற்றம்பணியாரத்தையும் பொரிவிளாங்காயையும் நோக்குக. வறுத்த பயற்றம்மாவும் பாகும் சேர்ந்து பல நாள் கெடாதிருக்கும் பண்டங்கள் அவை. 1905ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை நிறைவுற்றபின், தலைநகரிலே உத்தியோகம் பார்க்கச் சென்ற பிள்ளைகளின் பெட்டிகளில் இப்பணியாரங்களும் எள்ளுருண்டையும் தகரப்பேணிகளில் ஏறிச் சென்றன. பெற்ற தாய் அவற்றை வெறும் தின்பண்டமென்று கருதி அனுப்பினாளல்லள். வேளைக்கு உணவு கிடையாத இடத்திலே பிள்ளையின் உடலைத் தாங்குவது எது என்பதை அவள் அறிந்திருந்தாள்.

அவள் பழக்கத்தால் அறிந்ததற்கு இன்றைய உணவு விஞ்ஞானம் காரணம் கூறுகின்றது. நூறு கிராம் பச்சையரிசியிலே ஏறக்குறைய 7 கிராம் புரதமே உண்டு. அதே நிறையுள்ள பயற்றிலோ ஏறக்குறைய 24 கிராம் உண்டு. அளவு மட்டுமன்றித் தன்மையும் கருதத்தக்கது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல இணைந்து அமைவது. அவற்றுள் லைசீன் என்பது அரிசியிற் குறைவு, பயறு உழுந்து முதலியவற்றில் மிகுதி. மெதியோனீன் என்பது பயற்றிற் குறைவு, அரிசியிலும் எள்ளிலும் போதிய அளவு உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகின்றது. அரிசியும் உழுந்தும் சேர்ந்த தோசையும், சோறும் பருப்பும், பயற்றுருண்டையும் எள்ளுருண்டையும் இந்த உண்மையின் மேலே எழுந்தவை. தானியம் தனித்துச் செல்லலாகாது, அதற்கு ஒரு துணை வேண்டும் என்பதே கட்டுச்சோற்றின் இலக்கணம் எனலாம்.

இவ்விலக்கணம் நமக்கு மட்டும் உரியதன்று. நெடுந்தூரம் சென்று உழைத்தோர் அனைவரும் ஏதோ ஒரு வகையில் இதனைக் கண்டறிந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மொங்கோலிய வீரர்கள் உலர்த்திய பாலைக் கொண்டு சென்றதை மார்க்கோ போலோ எழுதி வைத்துள்ளார். காலையிலே அதிற் சிறிதளவை நீருடன் தோற்பையில் இட்டுக் குதிரையேறுவர். சவாரியின் குலுக்கலிலே அது தானே கரைந்து கூழாகும். 1867ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் பட்டாணிமாவும் கொழுப்பும் பன்றியிறைச்சியும் சேர்த்து இறுக்கிய ஓர் உணவுக்கட்டி உண்டாக்கப்பட்டது. வெந்நீரிலே கரைத்தால் அது ஒருவேளை உணவாகும். 1870-71இல் பிரான்சுடன் பொருத பிரஷ்யப் படைக்கு இவ்வுணவு பெரிதும் பயன்பட்டது.

இனி, நமது கடலுக்கு வருவோம். பால் உலர்த்திய மொங்கோலியரைப் போன்று மீனை உலர்த்தி உலகெங்கும் அனுப்பியோர் மாலைதீவினர். நாம் மாசி என்று வழங்கும் பொருள் அவர்களுடையதே. மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா 1343, 1344ஆம் ஆண்டுகளிலே அத்தீவுகளில் தங்கி நீதிபதியாகவும் பணியாற்றினார். பின்னர் இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவாதமலைக்கும் சென்றவர் அவரே. மீனைத் துண்டாக்கிச் சிறிது அவித்து, ஓலைப்பெட்டிகளில் இட்டுப் புகையிலே தூக்கி உலர்த்தி உண்பதையும், அஃது இந்தியா, சீனா, யெமன் ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதியானதையும் அவர் தெளிவாகக் குறித்துள்ளார். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளாக அம்முறை பெரிதும் மாறவில்லை. சூரைமீனை அவித்துப் புகையூட்டி வெயிலிற் காயவைத்தால் நீர் வற்றி, மரக்கட்டை போன்று இறுகிவிடும். அவ்வாறு எஞ்சுவதிற் பெரும்பகுதி புரதமே. அதனாலன்றோ இடித்த மாசி ஒரு பிடி சேர்ந்தாலே ஒரு சம்பல் கறியின் தகுதியைப் பெறுகின்றது!

இலங்கை மாசிக்கு நெடுங்காலமாகப் பெருஞ் சந்தையாக விளங்கியது. 1970களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி குறுக்கப்பட்டபோது மாலைதீவினரின் பிழைப்பே ஆட்டங் கண்டது. அந்நாட்டு மீன் அதன்பின் குளிரூட்டிய கப்பல்களுக்கு விற்கப்படலாயிற்று. இங்கோ, ஏழையின் சம்பலிலிருந்து மாசி சிறிது சிறிதாக விலகியது.

இவ்விலகலின் பொருளை மலைநாட்டிலே காணலாம். 1820களிலே கோப்பிச் செய்கை பரவத் தொடங்கியபின், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து சென்றனர். பசியும் கொள்ளை நோயும் அவ்வழியிலே பலரைப் பலிகொண்டன. 1867ஆம் ஆண்டிலே தேயிலைத் தோட்டம் தோன்றிய பின்னரும் வேலையின் கடுமை குறையவில்லை. விடியலிலே பெரட்டுக்களத்திற் கூடி, மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நடுப்பகல் உணவு கையிற் கொண்டுபோவதே. 1942ஆம் ஆண்டிலே பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அதனை ஈடுசெய்யக் கோதுமைமா பெருமளவில் வந்தது. தோட்டத்திலும் நகரிலும் ரொட்டியும் பாணும் நிலைகொண்டன. கோதுமைமாவிலே அரிசியினும் சிறிது கூடுதலாகப் புரதம் உண்டெனினும் லைசீன் அதிலும் குறைவே. தேங்காயும் மிளகாயும் மட்டும் அரைத்த சம்பல் அக்குறையை நிரப்பமாட்டாது. தானியம் மாறியது பெரிதன்று. அதன் துணை கழன்றதே பெரிது.

துணையை விலைக்கு வாங்க இயலாதோர்க்கு அதனைத் தருவது யார் கடன்? இவ்வினா நம் நாட்டு வரலாற்றிலே பன்முறை எழுந்துள்ளது. 1953ஆம் ஆண்டிலே கொத்தரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் அவ்வேளை நிறுத்தப்பட்டது. ஆகஸ்டு 12ஆம் நாள் நாடு முழுவதும் கடையடைப்பும் கிளர்ச்சியும் மூண்டன. உயிர்கள் மாண்டன. அரசின் தலைமையே மாறிற்று. 1973ஆம் ஆண்டிலே சோளமும் சோயா அவரையும் சேர்ந்த திரிபோஷ மா தாய்மார்க்கும் குழந்தைகட்கும் வழங்கப்படலாயிற்று. அரிசியும் உழுந்தும் சேர்த்த நம் பாட்டிமாரின் கணக்கு அம்மாவிலே மீண்டும் ஒருமுறை ஒப்புக்கொள்ளப்பட்டது என்றே நான் கருதுகின்றேன். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே முட்டையும் மீனும் பல குடும்பங்களுக்கு எட்டாத பொருள்களாயின. அந்நாள்களிலே, காலைக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அவன் உண்டு வந்தவனா என்பதை ஆசிரியர் அறிந்துகொண்டனர்.

வரலாறு கூறும் பாடம் பெருஞ்செலவு கேட்பதன்று. ரொட்டி கொண்டு செல்வோர் அவித்த பயற்றையோ கௌபியையோ உடன் கொண்டு செல்லலாம். சோற்றுப் பார்சலிலே மூன்று காய்கறி இல்லாவிடினும் கெட்டியான பருப்பு இருக்கட்டும். இடைவேளைத் தேநீருடன் பணிஸ் உண்பவர் ஒரு பிடி கச்சானையோ அவித்த கடலையையோ உண்ணலாம். நெத்தலிக் கருவாட்டை வறுத்து இடித்துச் சம்பலிற் சேர்த்தால் மாசியின் இடத்தை அது ஓரளவு நிரப்பும்.

நாளைக் காலையிலே உணவுப்பெட்டியை மூடுமுன் ஒரு கணம் உள்ளே நோக்குங்கள். தானியம் தனித்து இருக்குமானால், அதற்கு ஒரு துணையை வைத்து அனுப்புங்கள்.