சுழியில் முடியும் பேரேடு: ‘மோமோ’வில் வட்டியும் கணக்கும்

மிகாயேல் எண்டேயின் ‘மோமோ’ (1973) நாவலில், நேரத்தைச் சேமித்தால் வட்டி தருவதாகச் சொல்லி அதைக் களவாடும் சாம்பல் நிற மனிதருள் ஒருவன் முடிதிருத்துநர் ஃபூசியின் கடைக்கு வந்து கண்ணாடியில் எண்களை எழுதுகிறான். இந்தக் காட்சியை வட்டிக்கு எதிரான உருவகமாகக் கொள்வதே ஆய்வாளரிடையே செல்வாக்குப் பெற்ற வாசிப்பு. பொருளியலாளர் சில்வியோ கெசெல் முன்வைத்த, காலப்போக்கில் மதிப்பிழக்கும் ‘மூப்படையும் பணம்’ நாவலின் பின்புலத்தில் உண்டு என்று எண்டே 1986இல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டதும், அவர் மறைந்தபின் 1999இல் ஜப்பானின் என்எச்கே ஒளிபரப்பிய ஆவணப்படமும் இதற்கு வலுவூட்டின. ஆனால் கணக்கையே வரிவரியாகக் கூட்டிப் பார்த்தால் இந்த வாசிப்பு தடுமாறுகிறது.

ஃபூசிக்கு வயது 42. எழுபது ஆண்டு வாழ்நாள் 220,75,20,000 வினாடி என்று தொடங்கும் வந்தவன், அதில் 132,45,12,000 வினாடி கழிந்துவிட்டது என்கிறான். பிறகு செலவுப் பட்டியல். உறக்கத்துக்கு 44,15,04,000, வேலைக்கும் அதே அளவு. சாப்பாடு, கடைகண்ணி, நண்பர்களோடு பாட்டு, காது மந்தமான தாயுடன் தினம் ஒரு மணி நேரம், நடக்கவியலாத தாரியா என்ற பெண்ணைப் பூவோடு பார்த்துவரும் அரை மணி நேரம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை விழுகிறது. வளர்ப்புக் கிளிக்கு 1,37,97,000. இரவில் சன்னலருகே அமர்ந்து அன்றைய நாளை நினைத்துப் பார்ப்பதற்கும் அச்சு அசலாக 1,37,97,000. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு வினாடி பிசகாமல் 132,45,12,000 வருகிறது. மீதி சுழி. (நெட்டாண்டு நாள்கள் கணக்கில் இல்லை, 42 ஆண்டில் குறைந்தது பத்து நாள் விடுபட்டிருக்கிறது. துல்லியம் என்ற தோரணையே இங்கு ஏமாற்று வேலையின் பாதி.)

கவனிக்க வேண்டியது வரிசைமுறை. ஃபூசி மனமுடைவது இந்தச் சுழியைக் கண்டவுடன். வட்டி, பெருக்கம் என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகே வருகிறது. வாழ்ந்த நேரம் முழுவதையும் பற்றுப் பக்கத்தில் எழுதி, வரவுப் பக்கத்தை வெறுமையாக விட்ட பேரேடு எப்போதும் சுழியில்தான் முடியும். தாயோடு இருந்த நேரம் பற்று, பாடியதும் பற்று. களவு அந்தப் பதிவு முறையிலேயே முடிந்துவிடுகிறது. வட்டி அதற்குப் பின் தூவும் சர்க்கரை.

வட்டியே இல்லாமல் இந்தக் கணக்கு இயங்கும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. புணேயின் வாகடில் குடியிருந்து பக்கத்து ஹிஞ்சவடி தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போய்வரும் மென்பொருள் ஊழியர் நிரப்பும் டைம்ஷீட்டில் வட்டிக்கு இடமில்லை. எந்தத் திட்டத்தின் கணக்கில் எத்தனை மணி நேரம் என்பது மட்டுமே உண்டு. அந்த ஊழியர் வீட்டுப் பிள்ளை இந்நாவலைப் படித்தால் சாம்பல் மனிதரை அடையாளம் காணக் கெசெலின் துணை வேண்டியிராது.

கெசெலின் கருத்தே நாவலோடு முரண்படவும் செய்கிறது. 1932இல் ஆஸ்திரியாவின் வோர்கல் நகரம் வெளியிட்ட பணச்சீட்டு மாதந்தோறும் ஒரு சதவீத மதிப்பை இழந்தது. கையில் வைத்திராமல் விரைந்து செலவிட வைப்பதே அதன் நோக்கம். நாவலின் நாயகியான சிறுமி மோமோவின் உலகமோ விரைவை அஞ்சுகிறது. அவள் ஆற்றலெல்லாம் அவசரமின்றிக் காதுகொடுத்துக் கேட்பதில் இருக்கிறது. அவளுக்கு வழிகாட்டுவதும் ஓர் ஆமை. நாவலில் மனிதரின் நேரமாக மலர்ந்து வாடும் மணிப்பூக்கள் மூப்படையும் பணத்தை ஒத்தவை என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் வாடும் ஒவ்வொரு பூவுக்கும் அடுத்து முன்னதினும் அழகிய ஒன்று மலர்கிறது. எந்தச் சீட்டுக்கும் அந்தப் பேறில்லை. ஆசிரியரே சொல்லிவிட்டாரே என்பதும் பெரிய தடையாகாது. நாவல் வெளிவந்து பதின்மூன்று ஆண்டு கழித்து எழுதிய கடிதம் ஒரு வாசகரின் கருத்தளவே எடை பெறும்.

தெருக்கூட்டும் பெப்போவின் கதை வட்டி வாசிப்புக்குள் அடங்குவதேயில்லை. மோமோவை மீட்கச் சாம்பல் மனிதர் அவரிடம் கேட்பது 1,00,000 மணி நேரம். அது மீட்புத்தொகை, அதில் முதலுமில்லை, வட்டியுமில்லை. இருந்தும் ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்சுவிட்டுப் பெருக்கிய மனிதர் மற்றவர்களைப் போலவே வெறிபிடித்துப் பெருக்குகிறார். நேரத்தை எண்ணத் தொடங்கியதே அவரை மாற்றப் போதுமானது.

மோமோ இந்த எண்ணுக்குள் சிக்காதவள். வயது கேட்டால் நூறு என்கிறாள், பிறகு நூற்றிரண்டு என்கிறாள். அதை அறியாமை என்று கடந்துபோகும் வாசிப்பு அவளது துணிவின் வேரைத் தவறவிடுகிறது. அவளிடம் பறிக்கக் கணக்கு இல்லை. ஆகவேதான் ஒரே ஒரு மணிப்பூவோடு பகைவரின் நேரக் களஞ்சியம்வரை போக முடிகிறது. அங்கே சாம்பல் மனிதர் நேர இருப்பைக் காக்கத் தங்களையே வரிசையில் நிறுத்தி எண்ணுகிறார்கள். நாணயம் சுண்டி, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பாதிப்பேரை ஒழிக்கிறார்கள். ஃபூசியின் கண்ணாடியில் எழுதிய அதே கழித்தல்தான் இது. கழிபடுவோர் மட்டும் மாறியிருக்கிறார்கள்.