நிமிர்ந்து உட்கார் என்ற கட்டளை

குனிந்த தலை நிமிராதவள் என்று பெண்ணைப் பாராட்டிப் பழகிய சமூகம் நம்முடையது. அதனால்தான் நிமிர்தல் நமக்கு விடுதலையின் சொல். சைக்கிளின் வரலாற்றிலோ இச்சொல் தலைகீழாகப் புழங்கியிருக்கிறது. 1890களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சைக்கிள் ஏறிய பெண்களுக்கு இடப்பட்ட கட்டளை, ‘குனியாதே, நிமிர்ந்து உட்கார்’ என்பதுதான். அந்தக் கட்டளையை நிறைவேற்றும் பொறுப்பு ஹேண்டில்பாரின் உயரத்திடம் இருந்தது.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ சைக்கிளும், 1888இல் டன்லப் கொண்டுவந்த காற்றடைத்த டயரும் சேர்ந்துதான் சைக்கிளைப் பெண்களின் கைக்கெட்டும் பொருளாக்கின. அதற்கு முந்தைய சைக்கிளில் ஆளுயரச் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார வேண்டும். நீண்ட பாவாடையோடு அது நடவாத காரியம். புதிய சைக்கிளில் பாவாடைக்கு இடம் விட்டுக் குறுக்குக் கம்பியைத் தாழ வளைத்தார்கள். கூடவே ஹேண்டில்பாரை உயர்த்தி, ஓட்டுபவளை நோக்கிப் பின்னுக்கு வளைத்தார்கள். வேகத்தை விரும்பிய ஆண்களோ ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, முதுகை வளைத்துப் பறந்தார்கள். அப்படிப் பறந்தவர்களுக்கு அமெரிக்காவில் ‘ஸ்கார்ச்சர்’ என்று பெயர். ஆண் அப்படி ஓட்டினால் அடாவடி என்றார்கள். பெண் ஓட்டினால் ஒழுக்கக்கேடு என்றார்கள்.

இந்த வேறுபாட்டுக்கு மருத்துவம் காரணம் தேடித் தந்தது. பெண் முன்னால் சாய்ந்தால் அவள் உடலின் எடை இடுப்பெலும்பிலிருந்து நகர்ந்து சீட்டின் முன்முனையில் அழுந்தும். அந்த அழுத்தம் அவளுக்குப் பாலுணர்ச்சியைத் தூண்டிவிடலாம் என்று மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். மகப்பேறு மருத்துவர் ராபர்ட் டிக்கின்சன் 1895இல் மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரை, சீட்டின் சாய்வையும் குனிந்த நிலையையும் இந்தக் கோணத்தில் ஆராய்ந்தது. இத்தனைக்கும் அவர் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதை எதிர்த்தவர் அல்லர். நடுவில் பள்ளமோ துளையோ இட்ட ‘சுகாதார’ சீட்டுகள் சந்தைக்கு வந்தன. ஆக, ஹேண்டில்பாரின் உயரத்தைத் தீர்மானித்ததில் பெண்ணின் முதுகுவலிக்கு இருந்த பங்கைவிட, அவளுக்கு இன்பம் கிடைத்துவிடுமோ என்ற அச்சத்துக்கு இருந்த பங்கு குறைந்ததல்ல. இடுப்பை இறுக்கிய கார்செட்டும் குனியவிடாமல் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது.

நிமிர்ந்த நிலையில் குற்றமில்லை. ஹேண்டில்பார் உயர்ந்திருந்தால் மணிக்கட்டிலும் தோளிலும் கழுத்திலும் பாரம் குறையும். சாலை நன்றாகத் தெரியும். ஆனால் நிமிர்ந்த உடல் எதிர்காற்றை முழுதாக வாங்கிக்கொள்ளும். மேட்டில் ஏற உந்துவிசை போதாது. இரண்டிலும் ஆதாயம் உண்டு, இழப்பும் உண்டு. எதைக் கொண்டு எதை விடுவது என்று முடிவெடுப்பவர் யார் என்பதே கேள்வி.

சிலர் அந்த முடிவைத் தாமே எடுத்தார்கள். 1893இல் 16 வயது டெஸ்ஸி ரெனால்ட்ஸ், முழங்கால் வரையிலான கால்சட்டை அணிந்து ஆண்களின் சைக்கிளில் பிரைட்டனிலிருந்து லண்டன் சென்று திரும்பினார். எட்டரை மணி நேரத்தில் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அவருடைய வேகத்தைவிட உடையும் சைக்கிளுமே பேச்சாயின. 1894இல் பாஸ்டனிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பிய ஆனி லண்டன்டெரி, சிகாகோ வந்ததும் 42 பவுண்டு எடையுள்ள பெண்கள் சைக்கிளை விட்டுவிட்டு, அதில் பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார்.

இவர்களுக்கு இணையாக நான் மதிப்பது மரியா வார்டை. 1896இல் பெண்களுக்காக அவர் எழுதிய சைக்கிள் கையேட்டில் உட்காரும் நிலைக்கும், கருவிகளுக்கும், பாகங்களைச் சரிசெய்வதற்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. ஆலிஸ் ஆஸ்டின் எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டு அதன் படங்கள் அமைந்தன. எப்படி உட்கார வேண்டும் என்று பெண்ணுக்குச் சொல்ல அன்று ஆயிரம் பேர் இருந்தார்கள். வார்ட் அவள் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார்.

பிறர் வரைந்து தந்த ‘பெண்கள் சைக்கிள்’ பெண்ணின் தேவையோடு பொருந்தாமல் போனதற்கு நம்மிடமும் சான்று உண்டு. 1991இல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு பெண்கள் திரளாக சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். சிலர் அதையே விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். காரணம், முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். பாவாடைக்காக அன்று வளைத்துத் தாழ்த்திய அதே கம்பிதான் புதுக்கோட்டைப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது.

ஹேண்டில்பாரை உயர்த்துவது பெரிய வித்தையல்ல. நம் தெருக்களில் ஓடும் பழைய வகை சைக்கிளில், ஹேண்டில்பாரின் தண்டு முன் ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கியிருக்கும். மேலே தெரியும் போல்ட்டை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, மரக்கட்டையை வைத்து மேலே ஒரு தட்டு தட்டினால் உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு விடுபடும். கம்பி பிரேக் என்றால் அந்தக் கம்பியையும் தளர்த்த வேண்டும். வேண்டிய அளவு உயர்த்தி, முன்சக்கரத்துக்கு நேராக வைத்து இறுக்க வேண்டும். தண்டு குறைந்தது இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருந்தாக வேண்டும். இல்லையேல் ஓட்டும்போதே கையோடு வந்துவிடும்.

பள்ளி மாணவிக்குத் தரும் சைக்கிளானாலும் கடையில் வாங்குவதானாலும், யாரோ கணக்கிட்ட உயரத்தில்தான் வருகிறது. தோள் வலிக்கிறது என்றால் உயர்த்தலாம். காற்றைக் கிழித்துப் போக ஆசை என்றால் தாழ்த்தலாம். வலியைப் போலவே ஆசையும் நியாயமான காரணம்தான். நூற்றாண்டுக்கு முன் மருத்துவர்கள் அஞ்சியது அந்த இரண்டாவது காரணத்துக்கு.