துண்டுத் தாள்களும் வரலாறே

ஓர் இனத்தின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமே உறைவதன்று. மன்னர் அளித்த கொடை கல்லில் நின்றது. மக்கள் பாடிய பாட்டும், பார்த்த நாடகமும், மணவிழாவிற்கு அழைத்த மடலும் மெல்லிய தாளில்தான் தங்கின. தாளுக்கு ஆயுள் குறைவு. கரையானும் ஈரமும் அதற்குப் பகை, அவற்றினும் பெரும்பகை, “இது எதற்கு?” என்னும் நம் அலட்சியம்.

ஊர் ஊராய்ச் சுவடி தேடி அலைந்த உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததை நாம் அறிவோம். 1942இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய சுவடிகளும் நூல்களும் அடுத்த ஆண்டே சென்னையில் அவர் பெயரால் ஒரு நூல்நிலையமாயின. இவ்வாறு பெருங்காப்பியங்களுக்குக் காவலர் கிடைத்தனர். புலவர் உலகம் பொருட்படுத்தாத எளிய அச்சுகளைக் காப்பவர் யார்?

செட்டிநாட்டுக் கோட்டையூரில் அத்தகைய காவலர் ஒருவர் வாழ்ந்தார். ரோஜா முத்தையா என்னும் அவர், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அரிய நூல்களோடு நாடக அறிவிப்புகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், பழைய இதழ்கள் ஆகியவற்றையும் பல்லாண்டுகள் தேடித் தேடிச் சேர்த்தார். ஆய்வாளர்கள் அவர் வீடு தேடி வந்தனர். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் அங்கிருந்தன. அச்செல்வம் சிதறாவண்ணம் சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைக்கு வாங்கியது. ஆயினும் கடல் கடத்தவில்லை. தமிழ் மண்ணிலேயே இருத்தியது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. நலிந்த தாள்கள் நுண்படச் சுருள்களில் படியெடுக்கப்பட்டன. ஒரு வீட்டின் சேகரம் இவ்வாறு ஊரார் அனைவர்க்கும் பொதுவாயிற்று.

படியெடுத்தல் ஏன் இன்றியமையாதது என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. அங்குள்ள பொது நூலகம் 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. கட்டடத்தை மீண்டும் எழுப்ப முடிந்தது. வேறெங்கும் படி இல்லாத ஏட்டை எவரால் எழுப்ப முடியும்? ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் திரட்டி உலகெங்கும் பகிரும் நூலகம் என்னும் முயற்சி 2005இல் தோன்றியது. ஓரிடத்தில் உள்ளது ஒருநாளில் அழியலாம். பல இடங்களில் உள்ளது பிழைக்கும் என்பதே இதன் பாடம்.

இப்பாடம் தலைநகரில் வாழும் நமக்கும் உரியதே. 1923இல் வேர்விட்ட தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று நம் புசா ரோட்டில் உள்ளது. இப்பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்துள்ளனர். அவ்வாழ்வின் சான்றுகள் எங்கே? பள்ளி ஆண்டு மலர்கள், நாடகச் சீட்டுகள், பஜனைக் குழுவின் அழைப்புகள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவை பரண்மீதும் பெட்டிகளிலும் கிடக்கின்றன. பணி ஓய்வு பெற்று அரசுக் குடியிருப்பைக் காலி செய்யும் நாளில் அவை கபாடிவாலாவின் தராசில் ஏறிவிடுகின்றன. அலுவலகக் கோப்பை அழிப்பதற்கும் ஒரு காலவரம்பு உண்டு. ஓர் அதிகாரியின் கையொப்பம் வேண்டும். வீட்டுத் தாள் அழிவதற்கோ ஒரு நொடி போதும்.

ஆகவே, வீடு மாறுமுன் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய நிழற்படத்தின் பின்புறம் ஆண்டையும் இடத்தையும் பெயர்களையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பெரியோர் உடனிருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதுங்கள். மலர்களையும் அறிவிப்புகளையும் சங்க நூலகத்திற்கு அளியுங்கள். கொடுக்க மனமில்லையேல் படியேனும் எடுக்க இசையுங்கள். சங்கங்களும் வருவதை வாங்கி அடுக்குவதோடு அமையாது, பட்டியலிட்டுப் படிப்போர்க்குத் திறந்து வைத்தல் வேண்டும். பூட்டிய அலமாரி நூலகம் ஆகாது.

தில்லியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் ஒருநாள், “நம்மவர் இங்கே எப்படி வாழ்ந்தனர்?” என்று வினவுவர். அதற்கு விடை கூறும் தாள்களை இன்றே காப்பது நம் கடமையாகும்.