மூன்றாம் தரப்பிலும் இடம்பெறாதவர்: மலாயா, சிங்கப்பூர் கட்டுமானக் காப்புறுதி வரலாறு – ஒரு பார்வை

கட்டுமானத் துறையில் இன்று வழங்கிவரும் காப்புறுதிப் பத்திரங்களுள் தலையாயது 'ஒப்பந்தக்காரர் அனைத்து இடர்க் காப்புறுதி' என்பதாகும். தீ, வெள்ளம், புயல், மண்சரிவு, திருட்டு முதலியவற்றால் எழுந்துவரும் கட்டடத்திற்கு நேரும் சேதத்தை ஈடுசெய்வது அதன் முதற்பிரிவு. பணியிடத்தின் காரணமாகப் பிறருடைய உயிருக்கோ உடைமைக்கோ விளையும் கேட்டிற்குப் பொறுப்பேற்பது அதன் இரண்டாம் பிரிவு. 'அனைத்து' என்னும் அடைமொழி சற்று மிகையானது. போரினால் விளையும் சேதம், வேண்டுமென்றே இழைத்த தீங்கு, பிழைபட்ட வடிவமைப்பைத் திருத்தும் செலவு ஆகியன பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். இக்கட்டுரை கருத்திற்கொள்வது மற்றொரு விலக்கினை. இரண்டாம் பிரிவு கூறும் 'மூன்றாம் தரப்பு' என்னும் தொடருக்குள் அப்பணியிடத்தில் வேலை செய்யும் தொழிலாளர் அடங்கார். சாரத்திலிருந்து நழுவிய செங்கல் தெருவில் செல்வோர் மீது விழுந்தால் இப்பத்திரம் பொறுப்பேற்கும். சாரத்தில் நிற்பவர் மீதே விழுந்தால் பொறுப்பேற்காது. காப்புறுதி செய்தோரும் செய்துகொடுத்தோரும் முதலிரு தரப்பினர். வழிப்போக்கர் மூன்றாம் தரப்பினர். கட்டுபவரோ எத்தரப்பினரும் அல்லர். அவருக்கென ஒரு தனிச் சட்டமும் தனிப் பத்திரமும் உள்ளன. அவற்றிற்கென ஒரு தனி வரலாறும் உண்டு.

அனைத்து இடர்ப் பத்திரத்தின் வரலாறு சுருக்கமானது. 1929ஆம் ஆண்டு லண்டனில் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட லேம்பெத் பாலத்திற்கு வழங்கப்பட்டதே இவ்வகையின் முதற்பத்திரம் எனக் காப்புறுதித் துறையினர் கூறுவர். சில ஆண்டுகளில் ஜெர்மனியிலும் இவ்வகைப் பத்திரம் தோன்றிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய மறுகட்டுமானக் காலத்தில் அது உலகெங்கும் பரவியது. உடைமைக்குக் காப்புத் தேடுவதில் உரிமையாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் ஒத்த நலன் இருந்தமையால் அதனைப் பரப்பச் சட்டத்தின் வற்புறுத்தல் பெரிதும் தேவைப்படவில்லை.

தொழிலாளியின் காப்பு அவ்வாறு வளரவில்லை. 1837ஆம் ஆண்டின் பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் வழக்கிலிருந்து கிளைத்த 'பொது வேலைக் கோட்பாடு', உடன் பணிபுரிபவரின் கவனக்குறைவால் காயமுற்றவர் முதலாளியிடம் ஈடு கோர இயலாது என்றது. பலர் கூடிச் செய்யும் கட்டுமானத்தில் விபத்துகள் பெரும்பாலும் உடன் பணிபுரிபவர் கையாலேயே நிகழும் என்பதை எண்ணினால் இக்கோட்பாட்டின் கடுமை விளங்கும். 1897ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிழை யாருடையது என ஆராயாமலே ஈடு வழங்கும் நெறியைக் கொணர்ந்தது. ஆயினும் கட்டடத் தொழிலாளர்க்கு அச்சட்டம் விதித்த எல்லை வியப்பூட்டுவது. கட்டடம் 30 அடிக்கு மேல் உயர்ந்திருத்தல் வேண்டும். சாரம் கட்டியோ எந்திரத்தைக் கொண்டோ பணி நடைபெறுதல் வேண்டும். 25 அடி உயரக் கட்டடத்திலிருந்து விழுந்தவருக்கு அச்சட்டத்தில் வழியில்லை. அவ்வரம்பு 1906ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிற்று. எனினும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு கூறு நிலைத்துநின்றது. வேலையைத் துணை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டதால் மட்டும் முதன்மையாளர் பொறுப்பினின்று விடுபட இயலாது என்பதே அது. பிற்காலத்து மலாயாச் சட்டங்களிலும் இக்கருத்தினைக் காணலாம்.

மலாயாவிற்கு இந்நெறி தாமதித்தே வந்தது. ஜொகூர்க் கடற்பாலத்தின் பணி 1919இல் தொடங்கியது. டோப்பம், ஜோன்ஸ் அண்ட் ரெயில்டன் என்னும் பிரிட்டிஷ் ஒப்பந்த நிறுவனம் அதனை மேற்கொண்டது. 1924 ஜூன் 28ஆம் நாள் பாலம் அதிகாரபூர்வமாகத் திறந்துவைக்கப்பட்டது. அதற்கு மூன்று நாள் கழித்து, ஜூலை 1ஆம் நாள், இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதாவது, தாயகத்து இருப்புப்பாதையில் வேலை செய்த தமிழருக்குக் கிட்டிய உரிமை, மலாயாவின் பொதுப்பணித் துறையிலும் இருப்புப்பாதையிலும் உழைத்த அவருடைய உறவினருக்கு அப்போது கிட்டவில்லை. 1925இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு விபத்து இழப்பீடு குறித்த உடன்படிக்கைகளை நிறைவேற்றியது. அவற்றுள் 19ஆம் உடன்படிக்கை, அயல்நாட்டுத் தொழிலாளர்க்கும் உள்நாட்டவர்க்கும் இழப்பீட்டில் வேற்றுமை காட்டலாகாது என்றது. 1920களின் இறுதியையும் 1930களின் தொடக்கத்தையும் ஒட்டியே மலாய்க் கூட்டு மாநிலங்களிலும் நீரிணைக் குடியேற்றங்களிலும் இழப்பீட்டுச் சட்டங்கள் தோன்றின. சயாம் மரண இருப்புப்பாதையில் 1942–43இல் மாண்ட தமிழ்த் தொழிலாளர்க்கு அவற்றால் எப்பயனும் விளையவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

போருக்குப் பின் மலாயாக் கூட்டரசு 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. அரசாங்கக் கட்டுமான ஒப்பந்தங்களில் இரு வகைக் காப்புறுதியும் அருகருகே இடம்பெறுவதைக் காண்கிறோம். மலேசியப் பொதுப்பணித் துறையின் 203 ஏ ஒப்பந்தப் படிவம், பணியை அரசாங்கம், ஒப்பந்தக்காரர் ஆகிய இருவர் பெயராலும் கூட்டாகக் காப்புறுதி செய்ய வேண்டும் என்றும், தொழிலாளர்க்குரிய சட்டப்படியான காப்பினைத் தனியே பெற வேண்டும் என்றும் விதிக்கின்றது. முன்னதில் இருவர் பெயர் சேர்ந்து நிற்கிறது. பின்னதில் தொழிலாளி பயனாளியே அன்றிக் காப்புறுதி செய்துகொண்டவர் அல்லர்.

சிங்கப்பூர் 1975இல் தனக்கெனத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டது. 2004 ஏப்ரல் 20ஆம் நாள் பிற்பகல், வட்ட ரயில் பாதைக்காக நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டித் தோண்டப்பட்ட சுமார் 33 மீட்டர் ஆழப் பள்ளம் இடிந்துவிழுந்தது. நால்வர் மாண்டனர். பள்ளத்தின் சுவர்களைத் தாங்கிய எஃகுத் தாங்கிகளின் இணைப்பில் இருந்த வடிவமைப்புப் பிழையையும் முன்னெச்சரிக்கைகள் புறக்கணிக்கப்பட்டதையும் விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. பிழைபட்ட வடிவமைப்பு அனைத்து இடர்ப் பத்திரங்களில் பெருஞ்சிக்கலுக்குரிய விலக்கு. தொழிலாளர் இழப்பீட்டிலோ அப்பிழை வினாவுக்கே இடமில்லை. இவ்வோரிடத்தில் தொழிலாளியின் சட்டம் முதலாளியின் பத்திரத்தினும் தாராளமானது எனலாம். விபத்தைத் தடுக்கும் கடமையை விரிவாக்கிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் வந்தது. இழப்பீட்டுச் சட்டம் 2008 ஏப்ரலில் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாறி, உடலுழைப்பாளர் அல்லாதோரையும் உள்ளடக்கியது. 2020 செப்டம்பர் 1 முதல் புதிய சட்டம் நடப்பில் உள்ளது. மரணத்திற்கான உச்ச இழப்பீடு 2008இல் 140,000 வெள்ளி, 2020இல் 225,000 வெள்ளி, 2025 நவம்பர் முதல் 269,000 வெள்ளி. குடிமகன், வெளிநாட்டவர் என்னும் வேறுபாடு இங்கில்லை. ஆனால் தொகை, மாத வருமானத்தையும் வயதையும் கொண்டு கணிக்கப்படுவதால், குறைந்த சம்பளம் பெறும் தமிழகத்துக் கட்டுமான ஊழியரின் குடும்பம் உச்சவரம்பை எட்டுவது அரிது.

மலேசியாவின் போக்கு வேறு. 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1971இல் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இயங்கத் தொடங்கியது. இழப்பீடு என்பது ஒரு முறை கையில் தரும் தொகை என்ற நிலை மாறி, காயமுற்றவருக்கும், அவர் மறைந்தால் கைம்பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் தொடர்ந்து வழங்கும் உதவித்தொகை என்றாயிற்று. சட்டம் முதன்மை முதலாளி, நேர் முதலாளி எனப் பிரித்துக் கூறுவதால் துணை ஒப்பந்தக்காரரின் ஆட்களும் அதனுள் அடங்கினர்.

இந்நிலையில் 1993 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர் சொக்சோவிலிருந்து நீக்கப்பட்டு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தனியார் காப்புறுதி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், தமிழகத்தார் ஆகியோர் கட்டுமானத் தளங்களை நிறைத்த காலம் அது. ஒரே சாரத்திலிருந்து இருவர் விழுந்து மாண்டால், மலேசியரின் குடும்பத்திற்கு மாதந்தோறும் உதவித்தொகை. மற்றவர் குடும்பத்திற்கு அச்சட்டம் வகுத்தபடி 60 மாதச் சம்பளம் அல்லது 18,000 ரிங்கிட், இவற்றுள் எது குறைவோ அது, ஒரே முறை. மேலதிகமாகக் கிட்டியது சிறுதொகையே. வெளிநாட்டவர் ஓரிரு ஆண்டுகளே தங்குவர், மாதத்தொகையை அயல்நாட்டிற்கு அனுப்புவது கடினம் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். முன்னது காயத்தின் தன்மையை மறந்த வாதம்: கால் இழந்தவர் ஊர் திரும்பினால் கால் திரும்பிவிடுவதில்லை. 19ஆம் உடன்படிக்கையை ஏற்றிருந்த மலேசியாவிடம் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர் குழு ஆண்டுக்கணக்கில் இதனைச் சுட்டிக்காட்டிவந்தது. இந்த வேற்றுமை நீங்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர் சொக்சோவின் வேலைக் காயத் திட்டத்திற்குள் மீண்டும் கொணரப்பட்டனர். 2024 ஜூலை 1 முதல் இயலாமைத் திட்டமும் அவர்களுக்கு நீட்டிக்கப்பட்டது. செல்லத்தக்க வேலை உரிமம் இல்லாமல் சாரம் ஏறுபவர் மட்டும் இதற்குள்ளும் வருவதில்லை.