தாயின் கழுத்தும் சேயின் அறிவும்

1891-ஆம் வருஷம். இங்கிலாந்தின் வடக்கே நியூகாஸில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டரிடம் 46 வயதுப் பெண்மணி ஒருத்தி சிகிச்சைக்கு வந்திருந்தாள். முகம் வீங்கிக் கிடந்தது, தோல் வறண்டிருந்தது, பேச்சும் நினைவும் நத்தையாய் நகர்ந்தன. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி ஓய்ந்து போனதால் வந்த வியாதி. அன்று அதற்கு மருந்தே கிடையாது.

மர்ரே ஓர் ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து ஊசி மூலம் செலுத்தினார். சில மாதங்களில் அவள் பழைய மனுஷியானாள். 1919 வரை வாழ்ந்தாள். அதற்குள் 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் அவளுக்காகச் செலவாகியிருந்தன!

1914-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று, அமெரிக்காவில் கெண்டல் என்பவர் அச்சாற்றின் சாரமான தைராக்ஸினைப் பிரித்தெடுத்தார். 1927-ல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தார்கள். ஆடுகளை நம்பியிருந்த காலம் மெல்ல மலையேறியது.

இதனிடையே ஸ்விட்ஸர்லாந்து வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அங்கே மண்ணில் அயோடின் குறைவு. அது இல்லாமல் தைராய்டு வேலை செய்யாது. தாய்மார்களுக்குக் கழுத்தில் கழலை. குழந்தைகளில் சில செவிடாய், அறிவு மங்கிப் பிறந்தன. 1922-ல் உப்பில் அயோடின் சேர்க்க ஆரம்பித்தார்கள். நாளடைவில் அத்தகைய குழந்தைகள் பிறப்பது நின்றது.

தாயின் கழுத்துக்கும் சேயின் மூளைக்கும் என்ன சம்பந்தம்? முதல் மூன்று மாதங்களில் சிசுவின் சொந்தத் தைராய்டு வேலை தொடங்குவதில்லை. மூளை உருவாகத் தேவையானதைத் தாயிடமே கடன் வாங்குகிறது. 1999-ல் அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்து ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. இக்குறையோடு சிகிச்சையின்றிக் கர்ப்பம் தரித்த தாய்மாரின் குழந்தைகள், ஏழெட்டு வயதில் மற்றக் குழந்தைகளைவிட அறிவுச் சோதனையில் சராசரி 7 புள்ளிகள் பின்தங்கியிருந்தன.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? "பிள்ளைத்தாய்ச்சிக்கு மருந்து ஆகாது" என்று பெரியவர்கள் அன்போடு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். அது விபரீதம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவளுக்குக் கர்ப்பம் உறுதியானதுமே, பெரும்பாலும் அளவைக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார். பாதிக் கர்ப்பம் வரை நாலு வாரத்துக்கொரு முறை ரத்தப் பரிசோதனை அவசியம். இரும்புச்சத்து, கால்ஷியம் மாத்திரைகளை இதனோடு சேர்த்து விழுங்காமல் நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும்.

நியூகாஸில் அம்மாளுக்கு ஆடுகள் கொடுத்ததை, சிசுவுக்குத் தாய் கொடுக்கிறாள். கொடுப்பதற்கு அவளிடம் இருக்க வேண்டுமல்லவா?