டூரரின் இடது கை

பள்ளிக்கூடத்தில ஆளைக் கீறச் சொன்னால் நான் எப்பவும் ஒரே கள்ளவேலைதான் செய்வன். முகம், தலைமயிர், சேட்டுப் பொத்தான் எல்லாம் கவனமாகக் கீறிப்போட்டு, ரெண்டு கையையும் பொக்கற்றுக்குள்ள போட்டுவிடுவன். பொம்பிளைப்பிள்ளை என்றால் கை முதுகுக்குப் பின்னால போயிடும். தரம் 10இல் பாடம் தெரிவுசெய்யேக்க சித்திரத்தை விட்டன். “எனக்குக் கைவராது” என்று வீட்டில சொன்னன். உண்மையிலேயே கைதான் வரேல்ல.

கனகாலத்துக்குப் பிறகு ஒரு படம் பார்த்தேன். ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில், 1484இல், 13 வயதுப் பொடியன் ஒருவன் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வெள்ளிமுனையால் கீறியது. வெள்ளிமுனைக் கோட்டை அழிக்க ஏலாது, பிழைத்தால் பிழைத்ததுதான். ஒரு கை சுட்டுவிரலை நீட்டியபடி இருக்கிறது. மற்றக் கை சட்டைக் கைக்குள்ள ஒளிச்சிட்டுது! கீறிக்கொண்டிருந்த கையை எப்படிப் பார்த்துக் கீறுவது என்ற சிக்கலாக இருக்கலாம். எனக்கென்னவோ அவனும் நம்மட ஆள் மாதிரித்தான் தெரிந்தான்.

அந்தப் பொடியன் அல்பிரெக்ட் டூரர். பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய ‘கூப்பிய கைகள்’ படத்தை நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள். நினைவு அட்டைகள், காலண்டர்கள், செபப் புத்தக அட்டைகள் என்று எங்கும் இருக்கிறது. அதோட ஒரு கதையும் வட்ஸ்அப்பில சுத்துது. ஏழைக் குடும்பத்தில் இரண்டு சகோதரர்கள். இருவருக்கும் ஓவியம் படிக்க ஆசை. ஒருவன் சுரங்கத்தில் உழைத்து மற்றவனைப் படிப்பிக்கிறான். மற்றவன் புகழோடு திரும்பும்போது இவனுடைய விரல்கள் உடைந்து, தூரிகை பிடிக்க ஏலாமல் போய்விட்டன. அந்தக் கைகளைத்தான் தம்பி கீறினானாம்.

நானும் கேட்டு உருகியிருக்கிறேன். ஆனால் கதை சுத்தப் பொய். தகப்பன் பொற்கொல்லர். 18 பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து ஆளானது மூன்றே பேர். அவர்களில் என்ட்ரெஸ் பொற்கொல்லரானார், ஹன்ஸ் ஓவியரானார். சுரங்கத்துக்கு ஒருவரும் போகவில்லை.

பொய் என்பதை விட எனக்குக் கோபம் வேறொன்றில். இந்தக் கதையில் ஒருத்தருமே கீறப் பழகுவதில்லை. ஒருவன் கஷ்டப்படுகிறான், மற்றவன் மேதையாகத் திரும்பி வருகிறான். இடையில் எத்தனை தாள் பழுதாப்போனது என்று ஒரு சொல்லும் இல்லை.

தாள்கள் இருக்கின்றன. 1493இல் பேனையால் கீறிய ஒரு தாள் நியூயோர்க்கில் இருக்கிறது. தன் முகம், பக்கத்தில் கிட்டத்தட்ட முகமளவு பெரிய ஒரு கை, கீழே கசங்கின தலகணி. தாளைத் திருப்பினால் இன்னும் ஆறு தலகணி! கிட்டத்தட்ட அதே காலத்தில் இன்னொரு தாளில் தன் இடது கையை மூன்று விதமாகக் கீறியிருக்கிறார். ஏன் இடது கை? வலது கையில் பேனை. காசில்லாமல், அலுக்காமல், சொன்னபடி திரும்பி நிற்கிற மொடல் அதுதான்.

தலகணி ஏன் என்று முதலில் விளங்கவில்லை. பிறகு பார்த்தால், கையும் தலகணி மாதிரித்தான். ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் உருவம் மாறும். விரல் நீளமானது என்று மூளைக்குத் தெரியும். அதே விரல் கண்ணுக்கு நேரே நீண்டால் ஒரு மொட்டையாகத்தான் தெரியும். தெரிந்ததைக் கீறினால் பிழைக்கும், கண்டதைக் கீற வேணும். டூரரின் கோடுகளைக் கிட்டப் பாருங்கள்: நிழலுக்குப் போட்ட சின்னக் கோடுகள் விரலைச் சுற்றி மோதிரம் மாதிரி வளைந்து போகும். விரல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்த வளைவே சொல்லிவிடும். தகப்பனின் பட்டறையில் உலோகத்தில் கோடு வெட்டிப் பழகினவர் அல்லவா.

1506இல், அறிஞர்களோடு வாதாடும் சிறுவன் இயேசுவை வரைந்தார். படத்தின் நட்டநடுவில் நான்கு கைகள் பின்னிக்கொண்டு நிற்கின்றன. எனக்கு அது கொஞ்சம் கூடிப்போன மாதிரி; பார்க்கப் பாம்புக் கூட்டம் போல இருக்கு. ஐந்து நாளில் செய்த வேலை என்று அதிலேயே எழுதிவைத்தார். 1493இலிருந்து எண்ணினால் 13 வருசம், ஐந்து நாள்.

கூப்பிய கைகள் வந்தது 1508இல். பிராங்பேர்ட் வணிகர் யாக்கோப் ஹெல்லர் கேட்ட பலிபீட ஓவியத்தில் ஒரு அப்போஸ்தலருக்கான கைகள். நீலமாக்கிய தாளில் நிழலுக்குக் கறுப்பு, வெளிச்சத்துக்கு வெள்ளை. இடைநிறத்தைத் தாளே பார்த்துக்கொள்ளும். அந்த ஓவியத்தின் நடுப்பலகை 1729இல் மூனிச்சில் தீயில் எரிந்துபோனது. கைகள் இருந்த தாள் வியன்னாவில் இருக்கிறது.

போன கிழமை கரண்ட் இல்லாத ஒரு இரவு, போன் வெளிச்சத்தில என்ர இடது கையைக் கீறினன். பெருவிரலின் அடி எங்க தொடங்குது என்று இன்னும் பிடிபடவில்லை. பக்கத்தில ஒரு தலகணியும் கீறினன். தலகணி பரவாயில்லை.