மடியில் கிடத்திய கிட்டார்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பழைய இந்திப் பாடல்களில் இழைந்து இழைந்து ஒரு கிட்டார் வரும். மீட்டிய ஒலி அறுபடாமல் அப்படியே வழுக்கி மேலே ஏறும், இறங்கும், நடுங்கும். அதுதான் ஹவாயன் கிட்டார். "அது நம் கோட்டுவாத்தியத்தின் நகல்தானே சார்" என்று பெருமையோடு சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிட்டார் ஹவாய்த் தீவுகளில் பிறந்ததல்ல. 1830களில், அங்கே பெருகித் திரிந்த காட்டு மாடுகளை மடக்கப் பழக்குவதற்காக மெக்சிகோ நாட்டு மாட்டுக்காரர்களை வரவழைத்தார்கள். அவர்களோடு கிட்டாரும் வந்தது. தீவு மக்கள் அதன் நரம்புகளைத் தங்கள் காதுக்கு ஏற்றபடி தளர்த்திக்கொண்டார்கள். விரலே வைக்காமல் ஆறு நரம்புகளையும் ஒருசேர மீட்டினால் இனிய சுரக்கூட்டு ஒலிக்கும். இந்தச் சுருதிமுறைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

ஒவாஹு தீவின் லாயியே என்ற ஊரில் 1874இல் பிறந்தவர் ஜோசப் கெகூகூ. ஹொனலுலுவில் கமேஹமேஹா பள்ளி மாணவர். 1889 வாக்கில், பதினைந்து வயதில், கிட்டாரை மடியில் படுக்க வைத்து நரம்பின்மேல் இரும்பை இழைத்து வாசிக்கத் தொடங்கினார். ரயில் பாதையோரம் கிடைத்த இரும்பாணியால் தோன்றிய யோசனை என்பார்கள். சீப்பு என்றும் பேனாக்கத்தி என்றும் வேறு கதைகள் உண்டு. எதுவானாலும், பையன் அதோடு நிற்கவில்லை. அது கைத்தொழில் கற்பித்த பள்ளி. அங்கிருந்த பட்டறையிலேயே தனக்கென ஓர் உருக்குத் துண்டைச் செய்துகொண்டார். குடல் நரம்புகளை எடுத்துவிட்டு உலோகக் கம்பி கட்டினார். இரும்பு மெட்டுகளில் இடிக்காதபடி கம்பிகளை உயர்த்தினார்.

இதிலுள்ள சூட்சுமம் எளிது. சாதாரண கிட்டாரில் மெட்டுகள் படிக்கட்டு மாதிரி. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத்தான் தாவ முடியும். உருக்குத் துண்டை இழைத்தால் படிக்கட்டு சறுக்குமரமாகிவிடும். இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள எல்லா இடமும் நமக்குக் கிடைக்கிறது. குரல் இப்படித்தானே பாடுகிறது?

இனி வரலாற்றின் கசப்பான பக்கம். 1893இல், அமெரிக்கத் தோட்ட முதலாளிகளின் ஆட்கள் அரசி லிலியுவோகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவரே பாட்டு இயற்றியவர். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 1898இல் தீவுகளை அமெரிக்கா இணைத்துக்கொண்டது. வகுப்பறையில் நின்று பிழைத்த எனக்கு, இந்த மூன்று ஆண்டுகளில் நடு ஆண்டுதான் அதிகம் வலிக்கிறது.

நாவைக் கட்டிப்போட்ட அந்தக் காலத்தில்தான் அவர்கள் இசை கடல் கடந்தது. கெகூகூ 1904இல் அமெரிக்கா போனார். பின்னர் ஐரோப்பாவில் பல ஆண்டுகள் சுற்றி வாசித்தார். 1915இல் சான்பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் ஹவாய் அரங்கில் கூட்டம் அலைமோதியது. அதன்பின் அமெரிக்கா முழுவதும் ஹவாய் இசைத்தட்டுகள் பறந்தன. அந்த மொழியைப் பள்ளியில் பேசக்கூடாது. பாட்டாகக் காசு கொடுத்துக் கேட்கலாம்!

ஒரு சிக்கல் இருந்தது. பெரிய அரங்குகளில், மற்ற கருவிகளுக்கு நடுவே கிட்டார் ஒலி எடுபடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் மேடைகளில் இந்தக் கிட்டார் வாசித்து வந்த ஜார்ஜ் போஷாம், ஜான் டோபியேரா என்ற கருவித் தச்சரை அணுகினார். டோபியேரா ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறியவர். உலோக உடலுக்குள் மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்றைப் பொருத்தினார். கம்பியின் அதிர்வு கூம்புக்குப் போய், அது ஒலிபெருக்கிபோல் முழங்கியது. 1927இல் 'நேஷனல்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இதுதான் ரெசனேட்டர் கிட்டார். பின்னர் டோபியேரா தன் சகோதரர்களோடு தனியே போய், ஒற்றைக் கூம்புள்ள 'டோப்ரோ' செய்தார். டோபியேரா சகோதரர்கள் என்பதன் சுருக்கம். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு 'நல்லது' என்றும் பொருள்.

போஷாம் அடுத்து மின்சாரத்துக்குப் போனார். 1932இல் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கிட்டாருக்கு, வடிவத்தைப் பார்த்து 'வாணலி' என்று பட்டப்பெயர். அதுவும் மடியில் வைத்து வாசிப்பதுதான். இன்று ராக் மேடைகளில் அலறும் மின்கிட்டாருக்கு இந்த வாணலிதான் பாட்டி.

இந்தியாவுக்கு? கெகூகூவின் ஊரான அதே லாயியேவில் வளர்ந்த டாவ் மோ, குடும்பத்தோடு உலகம் சுற்றியவர். 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றுக்கொடுத்தார். அங்கே இந்தக் கிட்டார் வேரூன்றியது. அதில் ராகம் வாசிக்க முடியும் என்று காட்டியவர் பிரிஜ் பூஷண் காப்ரா. அவ்வழியில் வந்த விஸ்வமோகன் பட், தன் மோகன வீணையில் வாசித்த இசைத்தொகுப்புக்காக 1994இல் கிராமி விருது பெற்றார்.

இனி கோட்டுவாத்தியம். திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்றோர் கையில் அது பாடியது. மெட்டே இல்லாத தண்டியில் மரத்துண்டை இழைத்து, கமகத்தைக் குரல்போலவே எழுப்பும் கருவி. நம் பெருமைதான், ஐயமில்லை. இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்பவர் 1880களில் ஹொனலுலுவில் இப்படி வாசித்தார் என்றும் ஒரு தகவல் உண்டு. அது பல பத்தாண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொல்லப்பட்டது. அதை வைத்து ஒரு சிறுவனின் உழைப்பை நம் கணக்கில் எழுத முடியாது.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களும் வீட்டுச் சுவரில் ஒற்றைக் கம்பி கட்டி, புட்டியை இழைத்து வாசித்தார்கள். கெகூகூ அமெரிக்காவில் இறங்குவதற்கு முந்தைய ஆண்டு, 1903இல், மிசிசிப்பியின் ஒரு ரயில் நிலையத்தில், கத்தியைக் கம்பியில் அழுத்திக் கிட்டார் வாசித்த ஏழை மனிதரைக் கண்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி எழுதியிருக்கிறார். கருவியைக் குரல்போலப் பாட வைக்கவேண்டும் என்ற ஆசை எந்த ஊருக்கும் வரும். மரமோ, கத்தியோ, புட்டியோ, உருக்கோ, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்வார்கள்.

நாட்டையும் பள்ளியில் மொழியையும் பறிகொடுத்த மக்கள் அவர்கள். இந்த ஒன்றின்மேலாவது அவர்கள் பெயர் இருக்கட்டும். ஹவாய் மொழி 1978இல் மீண்டும் அங்கே ஆட்சிமொழி ஆனது. 1984இல் அம்மொழியிலேயே நடக்கும் மழலையர் பள்ளிகளும் தொடங்கின.

அடுத்த முறை அந்த இழையும் ஒலியைக் கேட்டால், "ஹவாய்க்காரர்கள் கொடுத்தது" என்று பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.